சம்பளம் 4,200 திர்ஹம்: மனைவியையும் மகளையும் ஷார்ஜாவுக்குக் கூட்டிவரலாமா?

சஜா எலக்ட்ரீஷியன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன், இதுதான் என் முதல் பதிவு.

சொந்த ஊர் அறந்தாங்கி பக்கம். ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்து ஆறு வருடம். போன மாதம் ஃபோர்மேன் ஆக்கினார்கள். புது ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 2,600, படிகள் 1,600, மொத்தம் 4,200 திர்ஹம். தங்குவது சஜா கேம்ப்பில், ஓர் அறையில் ஆறு பேர்.

கல்யாணமாகி நாலு வருடம் ஆகிறது. அதில் நானும் மனைவியும் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் ஐந்து மாதம்கூடத் தேறாது. மகளுக்கு மூன்று வயது. போன தடவை லீவில் போயிருந்தபோது, வந்த பத்தாவது நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நீங்க உங்க வீட்டுக்கு எப்ப போவீங்க?" என்று கேட்டாள். கோபமாகவோ விளையாட்டாகவோ இல்லை. விருந்தாளியிடம் கேட்பதைப்போல, மரியாதையாகத்தான் கேட்டாள்.

4,000 இருந்தால் குடும்ப விசா கிடைக்கும் என்று அறையில் சொல்கிறார்கள். உண்மையா? கூட்டிவந்தால் தாக்குப்பிடிக்க முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

ரோலா பாய்

தம்பி, உண்மைதான். 4,000 திர்ஹம், அல்லது 3,000-உம் வீடும். முன்பு விசாவில் எழுதியிருக்கும் தொழிலையும் பார்ப்பார்கள். சம்பளம் இருந்தும் தொழிலைக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நிறைய. 2019-இல் அந்தத் தொழில் பட்டியலை எடுத்துவிட்டு வருமானத்தை மட்டும் பார்ப்பது என்று மாற்றினார்கள். அதனால் எலக்ட்ரீஷியன் என்பது தடையில்லை.

ஆனால் "3,000-உம் வீடும்" என்பதைத் தப்பாகப் புரிந்துகொள்ளாதே. கம்பெனி கொடுக்கும் கேம்ப் கட்டில் வீடு ஆகாது. குடும்பம் தங்குகிற வீடாக இருக்க வேண்டும், வாடகை ஒப்பந்தம் முனிசிபாலிட்டி முத்திரையோடு உன் பெயரில் இருக்க வேண்டும்.

அடுத்தது காகிதம். கல்யாணப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். கோயில் ரசீது, பத்திரிகை, போட்டோ ஆல்பம் எதுவும் செல்லாது. தமிழ்நாட்டில் 2009-லிருந்து எல்லாக் கல்யாணத்தையும் பதிவு செய்வது கட்டாயம். நீ பதிந்திருப்பாய் என்று நம்புகிறேன். அதற்கு மாநில அரசின் சான்றொப்பம், அப்புறம் தில்லியில் வெளியுறவு அமைச்சகம், அதன் பிறகு அமீரகத் தூதரகம். இங்கே வந்ததும் இவர்களுடைய வெளியுறவு அமைச்சக முத்திரை, பிறகு அரபி மொழிபெயர்ப்பு. மகளின் பிறப்புச் சான்றிதழுக்கும் இதே ஊர்வலம்தான்.

"அப்போஸ்டில் போட்டால் போதும்" என்று ஊரில் எவனாவது ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடு. அது தூதரகம் வரை போகாமல் ஒரே முத்திரையில் முடிகிற வழி, அதற்கான உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்குத்தான். சவூதி 2022-இல் சேர்ந்தது, அமீரகம் சேரவில்லை. இது தெரியாமல் நான் ஓர் ஏஜென்டிடம் 18,000 ரூபாய் கட்டினேன். தப்பான முத்திரையோடு சான்றிதழ் வந்து, அதைத் திரும்பத் தில்லிக்கு அனுப்பி, அசல் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் இரண்டு மாதம் தூக்கமில்லை.

---

சஜா எலக்ட்ரீஷியன்

நன்றி பாய். பதிவு செய்திருக்கிறோம். ஆனால் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் இன்ஷியல் மட்டும்தான் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கிறது. மனைவியின் பெயரில் ஓர் ஆங்கில எழுத்து கூடுதல். பரவாயில்லையா?

---

ரோலா பாய்

பரவாயில்லை என்று சொல்லுகிறவன் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்க மாட்டான். ஊரில் யாராவது பதிவு அலுவலகத்துக்குப் போய், பாஸ்போர்ட் நகலைக் காட்டித் திருத்தச் சொல்லிப் பார்க்கட்டும். முத்திரை எல்லாம் குத்திய பிறகு திருத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் ஆட்களுக்கு இந்தப் பெயர்த் தொல்லை பிறவியிலேயே வந்தது. மலையாளிக்கும் வடக்கத்திக்காரருக்கும் ஏதோ ஒரு குடும்பப் பெயர் இருக்கிறது. நமக்கு அப்பா பெயர் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், ஓரிடத்தில் ஓர் எழுத்து.

---

தம்மாம் திரும்பி

நான் எதிர்ப்பக்கம் பேசுகிறேன், கோபிக்க வேண்டாம்.

சவூதியில், தம்மாமில் 14 வருடம் இருந்தேன். 2012-இல் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப்போனேன். நல்ல நாட்கள்தான், மறுக்கவில்லை. 2017 ஜூலையில் குடும்ப வரி வந்தது. தலைக்கு மாதம் 100 ரியால். அடுத்த வருடம் 200, அதற்கடுத்து 300, 2020-இல் 400. மூன்று தலைக்கு, மாதம் 400 ஆகும்போது, வருடத்துக்கு 14,400 ரியால் வரும். அதையும் இக்காமா (தங்கும் அனுமதி அட்டை) புதுப்பிக்கும்போது மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டும். கம்பெனி ஒரு பைசா தரவில்லை.

2019 மே மாதம் அனுப்பிவைத்தேன். எங்கள் கட்டடத்தில் அந்த இரண்டு வருடத்தில் மட்டும் பாதிக்கு மேல் வீடு காலி. பெரியவன் ஆறாம் வகுப்பு. ஊர்ப் பள்ளியில் தமிழ் எழுதத் தெரியாமல் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தான். அவனை அங்கேயும் ஒட்டாமல் இங்கேயும் ஒட்டாமல் ஆக்கியது நான்தானே என்று இன்னும் தோன்றும்.

ஆகவே தம்பி, இன்று 4,000 என்கிறார்கள், நாளைக்கு எவ்வளவு என்று உனக்கோ எனக்கோ தெரியாது. குவைத்தில் குடும்ப விசாவை நிறுத்தியே வைத்திருந்தார்கள். 2024 ஜனவரியில் திறந்தபோது 800 தினார் சம்பளம் கேட்டார்கள். எத்தனை தமிழன் 800 தினார் வாங்குகிறான்?

---

காக்கி புக்கிட்

உங்கள் சண்டையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பொறாமையும் வருகிறது.

சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் 11 வருடம். என் பாஸுக்குக் குடும்பத்தைக் கொண்டுவரும் வழியே கிடையாது. எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் வைத்திருப்பவர்கள்கூட நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி இருந்தால்தான் மனைவி பிள்ளைக்கு டிபென்டன்ட் பாஸ் கேட்க முடியும். எனக்கு ஓவர்டைம் எல்லாம் சேர்ந்து அதில் பாதிகூட வராது. எங்கள் ஆட்கள் யாராவது சிங்கப்பூர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்ய நினைத்தால் மனிதவள அமைச்சிடம் அனுமதி வாங்க வேண்டும்.

என் மனைவி இரண்டு தடவை சுற்றுலாவாக வந்தாள். டார்மிட்டரியில் தங்க வைக்க முடியாது. லிட்டில் இந்தியாவில் ஒரு லாட்ஜில் இருந்தோம். காலையில் ஐந்தரைக்கு லாரி வரும், நான் கிளம்பிவிடுவேன். அவள் நாள் முழுக்க முஸ்தஃபா கடையில் எதையும் வாங்காமல் மாடி மாடியாக நடந்துவிட்டு வருவாள்.

கதவு திறந்திருக்கிறது என்றால் எட்டியாவது பார்த்துவிடுங்கள் அண்ணா.

---

சட்டப்புலி

இதெல்லாம் தனி மனிதர்களின் பட்ஜெட் பிரச்சினை போலவே பேசுகிறோம். இடம்பெயர்ந்த தொழிலாளர்கள், அவர்கள் குடும்பத்தினர் உரிமைகளுக்கென்றே ஐ.நா.வில் ஓர் உடன்படிக்கை இருக்கிறது. 1990 டிசம்பர் 18-இல் ஏற்றார்கள், 2003 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் 44-ஆம் பிரிவு, தொழிலாளி தன் துணையோடும் மணமாகாத சின்னப் பிள்ளைகளோடும் சேர்ந்து வாழ நாடுகள் வழி செய்ய வேண்டும் என்கிறது. இலங்கை 1996-இலேயே சேர்ந்துவிட்டது. இந்தியா சேரவில்லை. வளைகுடா நாடுகள் ஒன்றுகூட இல்லை, சிங்கப்பூர் இல்லை, பிரிட்டன் இல்லை. ஆள் அனுப்புகிற நாடுகள் கையெழுத்துப் போடுகின்றன, ஆள் எடுக்கிற நாடுகள் போடுவதில்லை.

---

தம்மாம் திரும்பி

புலி, 44-ஆம் பிரிவைச் சவூதி குடிவரவு அலுவலகமான ஜவாசாத்தில் காட்டினால் வரிசையில் முன்னால் விடுவார்களா?

---

சட்டப்புலி

விட மாட்டார்கள். ஆனால் ஒரு தகப்பன் தன் பெண்ணோடு இருக்க 4,000 என்று விலை வைத்திருப்பதை இயற்கை விதிபோல ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்கிறேன். 3,900 வாங்குகிறவனுக்குப் பாசம் நூறு திர்ஹம் குறைவா?

---

நாகர்கோவில்காரி

எப்போதும் ஆண் போகிறான், பெண் ஊரில் இருக்கிறாள் என்றே பேசுகிறீர்கள். என் வீட்டில் தலைகீழ். நான் பிரிட்டனில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. என் கணவரும் மகனும் நாகர்கோவிலில்.

2024 மார்ச் 11-லிருந்து பராமரிப்பு வேலை விசாவில் புதிதாக வந்தவர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது என்று விதி வந்தது. என்னோடு நேர்முகத் தேர்வுக்கு வந்த பெண் ஜனவரியில் வந்து சேர்ந்தாள். என் காகிதம் தாமதமாகி நான் ஏப்ரலில் வந்தேன். இப்போது அவள் கணவனும் குழந்தையும் அவளோடு. நான் இன்னொருவருடைய அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டு, இடைவேளையில் என் மகனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கிறேன், போனில்.

சஜா தம்பி, விதி உங்களுக்குச் சாதகமாக இருக்கிற வருடத்தில் இருக்கிறீர்கள். அதை மனதில் வையுங்கள்.

---

ஜன்னலோரம்

நான் கூட்டிவரப்பட்டவள். ஷார்ஜா முவைலாவில் ஏழு வருடம். இழையில் இதுவரை எல்லோரும் கூட்டிப்போவதைப் பற்றித்தான் பேசுகிறீர்கள், வந்து இருப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

முதல் ஆறு மாதம் ஒரு பார்ட்டிஷன் அறை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வேறொரு குடும்பம், சமையலறை பொது. அடுப்புக்கு எனக்குக் காலை ஐந்திலிருந்து ஆறு வரை நேரம். குழம்பு கொதிக்கும்போதே அடுத்தவர் பாத்திரத்தோடு வந்து நிற்பார். பையன் அழுதால் பலகையில் இரண்டு தட்டு தட்டுவார்கள். ஜூலை மாதம் வந்து இறங்கியிருந்தேன். வெளியே போக முடியாது, மதியம் குழாயில் வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. கணவர் இரவு எட்டரைக்கு வந்து சாப்பிட்டதும் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். ஊரில் இருந்தபோது தினம் ஒரு மணி நேரம் போட்டிம் ஆப்பில் பேசினோம். இங்கே வந்து ஒரே அறையில் பேச்சே இல்லை. உண்மையைச் சொல்கிறேன், திரும்பிப் போகிறேன் என்று இரண்டு முறை பெட்டி கட்டினேன்.

அப்புறம் ஒரு ஸ்டுடியோ கிடைத்தது. எங்கள் அடுப்பு, எங்கள் கதவு. அன்றிலிருந்து சரியானது. எதிர் வீட்டுத் திருச்சூர் சேச்சிதான் எனக்கு மருத்துவமனை, பள்ளி, மீன் மார்க்கெட் எல்லாம் காட்டியது. பிறகு ஒரு நர்சரியில் உதவியாளர் வேலைக்குப் போனேன். கணவர் ஸ்பான்சர் செய்த விசாவிலேயே தொழிலாளர் அமைச்சகத்தின் பெர்மிட் எடுத்து வேலை பார்க்கலாம். அதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு வருடமாயிற்று.

என் புத்தி: பார்ட்டிஷனுக்குக் கூட்டிவராதீர்கள். கோடையில் கூட்டிவராதீர்கள். முதலில் இரண்டு மாத விசிட்டில், நவம்பருக்குப் பிறகு வரச் சொல்லுங்கள். பிடித்தால் இங்கேயே இருந்து விசா மாற்றிக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் ஒரு சுற்றுலா.

---

சஜா எலக்ட்ரீஷியன்

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பார்ட்டிஷன்தான் பார்த்து வைத்திருந்தேன்.

கணக்கு போட்டேன், பார்த்துச் சொல்லுங்கள். ஸ்டுடியோ வருடம் 20,000 என்று ஒன்று பார்த்தேன், மாதத்துக்கு 1,670. கரன்ட் தண்ணீர் 250. சாப்பாடு 900. இரண்டு பேருக்கு இன்சூரன்ஸ் மாதக் கணக்கில் 150. போன், நெட் 200. பஸ், இதர 150. மொத்தம் 3,320. மிச்சம் 880 திர்ஹம். அப்பா அம்மாவுக்கு மாதம் பத்தாயிரம் ரூபாய் அனுப்பினால் அதில் பாதி போகும். மீதியில் நகைக்கடன் வட்டி. இழுத்துப் பிடித்தால் ஓடிவிடும்போலத்தான் இருக்கிறது.

---

ரோலா பாய்

மாதக் கணக்கு சரி. முதல் மாதக் கணக்கு எங்கே? இங்கே வாடகை மாதாமாதம் கொடுப்பதில்லை. வருடத்துக்கு நாலு செக், இல்லை ஆறு செக், முன்தேதி போட்டு முதல் நாளே கொடுக்க வேண்டும். அதற்கு வங்கியில் செக் புத்தகம் வேண்டும். டெபாசிட், தரகர் கமிஷன், கரன்ட் இணைப்புக்கு டெபாசிட், கேஸ், ஒரு மெத்தை, ஒரு ஃபிரிட்ஜ். அதன்மேல் விசா. 2023-இல் என் மருமகன் மனைவிக்கும் மகனுக்கும் எடுத்தபோது என்ட்ரி பெர்மிட், மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து ஆறாயிரத்துச் சொச்சம் திர்ஹம். முத்திரைச் செலவு தனி. கையில் பதினைந்தாயிரம் இல்லாமல் தொடங்காதே.

இன்னொன்று. குடும்ப விசா எடுத்தபின் பிரசவம், கல்யாணம் என்று ஊருக்குப் போனால் ஆறு மாதத்துக்கு மேல் அங்கே தங்கக் கூடாது, விசா செத்துவிடும். உன் வேலை போனால் உன் விசாவை ரத்து செய்யும் முன் அவர்களுடையதை முடிக்க வேண்டும். கெட்ட நாளுக்கு மூன்று டிக்கெட் காசு தனியாக வை.

---

மன்னார்குடி மருமகள்

நான் கூட்டிப்போகப்படாதவள். கணவர் அபுதாபியில் ஒன்பது வருடம். ஊரில் மாமியார், மாமனார், ஒரு பையன், மாடு ஒன்று.

நல்லது கெட்டது எல்லாவற்றையும் அண்ணன்மார்கள் சொல்லிவிட்டீர்கள். சஜா அண்ணன் போட்ட கணக்கில் எனக்கு ஒரே ஒரு கேள்வி. அந்தக் கணக்கை அண்ணி பார்த்தார்களா? ஏன் கேட்கிறேன் என்றால், என் கணவரும் இப்படி ஒரு கணக்கு மூன்று வருடத்துக்கு முன் போட்டு, "கட்டுப்படியாகாது" என்று அவரே முடிவு செய்துவிட்டார். எனக்கு அது தெரியவந்தது போன தீபாவளிக்கு, அதுவும் அவர் தங்கை சொல்லி. அந்தக் கணக்கில் என் நூறு நாள் வேலைக் கூலியும் இல்லை, பால் காசும் இல்லை. எனக்கு வர விருப்பமா என்ற வரியும் இல்லை.

---

நெறியாளர்

இடையில் வந்த இரண்டு விசா ஏஜென்ட் விளம்பரங்களை நீக்கிவிட்டோம். போன் நம்பர் போடாதீர்கள். இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

---

சஜா எலக்ட்ரீஷியன் (மூன்று வாரம் கழித்து)

மன்னார்குடி தங்கச்சி, நீங்கள் கேட்டது உறைத்தது. அந்த வெள்ளிக்கிழமையே மனைவியிடம் கணக்கை வாசித்துக் காட்டினேன். போட்டிம் நடுநடுவே அறுந்துபோக, இரண்டரை மணி நேரம்.

அவள் முதலில் கேட்டது: "என் தையல் காசு எங்க?" பிளவுஸ் தைத்து மாதம் ஆறாயிரம், ஏழாயிரம் ரூபாய் வருகிறதாம். நகைக்கடன் வட்டியை ஒரு வருடமாக அவள்தான் கட்டிக்கொண்டிருக்கிறாள். நான் அனுப்பிய பணத்திலிருந்து போவதாக இத்தனை நாள் நினைத்திருந்தேன். இங்கே வந்தால் அந்த வரவு நின்றுபோகும், கடன் நிற்காது. என் 880 ஒரே நிமிடத்தில் கரைந்துபோயிற்று.

அவளே ஒரு திட்டம் சொன்னாள். டிசம்பரில் விசிட்டில் வருவது, பொங்கலுக்குப் பிறகு திரும்புவது. அதற்குள் சான்றிதழ்த் திருத்தம், முத்திரை எல்லாம் ஊரில் நடக்கட்டும். ஜூன் வரை நகைக்கடனில் முதலைக் குறைப்பது. அடுத்த அக்டோபரில் ஸ்டுடியோ. நான் ஆவேசத்தில் அடுத்த மாதமே என்று இருந்தேன். அவளுக்கு அவசரமில்லை, ஆனால் வர வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள். மாமியாரின் முட்டி ஆபரேஷன் முடியாமல் கிளம்ப மாட்டாளாம், அதையும் தேதியோடு சொல்லிவிட்டாள்.

---

ஜன்னலோரம்

உங்கள் மனைவிக்கு ஒரு கும்பிடு. தம்பி, விசிட் விசா போடுமுன் அவர் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கிறதா?

---

சஜா எலக்ட்ரீஷியன்

காலிதான் அக்கா. ஒற்றைப் பெயர்தான். ஏன்?

---

ஜன்னலோரம்

2022 நவம்பரிலிருந்து விசிட்டில் வருகிறவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமீரகத்துக்குள் விடுவதில்லை. பலரை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பினார்கள், நம் ஊர் ஆட்கள்தான் அதிகம் மாட்டினார்கள். இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்பதாகப் பிறகு சொன்னார்கள். இருந்தாலும் டிக்கெட் போடுமுன் விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். நேரம் இருப்பதால், பாஸ்போர்ட்டிலேயே பெயரைப் பிரித்து வாங்கிவிடுவது நல்லது. திருமணச் சான்றிதழ்த் திருத்தத்தையும் அதற்குப் பிறகு செய்யுங்கள். இல்லாவிட்டால் அது ஒரு பெயர், இது ஒரு பெயர் என்று மறுபடி ஓட வேண்டியிருக்கும்.

---

தம்மாம் திரும்பி

எதிர்ப்பக்கம் பேசினேன் என்று தப்பாக நினைக்காதே தம்பி. பிள்ளைக்கு இப்போதிலிருந்தே தமிழ் எழுத்து பழக்கச் சொல், எந்த ஊரில் படித்தாலும்.

---

சஜா எலக்ட்ரீஷியன் (நவம்பர் கடைசி)

புது பாஸ்போர்ட் வந்துவிட்டது. விசிட் விசாவும் வந்துவிட்டது. டிசம்பர் 12, திருச்சியிலிருந்து நேரே ஷார்ஜா. ரோலாவில் ஓர் அறந்தாங்கிக் குடும்பம் ஊருக்குப் போகிறது, அவர்கள் வீட்டை அவர்கள் திரும்பும்வரை எங்களுக்குத் தருகிறார்கள்.

ஒரு சந்தேகம். மனைவி தையல் மிஷினைக் கொண்டுவர வேண்டும் என்கிறாள். தலையை மட்டும் கழற்றி லக்கேஜில் போடலாமா? விடுவார்களா?

---

ரோலா பாய்

செக்-இன் பெட்டியில் போடலாம், கையில் கொண்டுபோக முடியாது, ஊசியைக் கழற்றிவிடச் சொல். பழைய இரும்புத் தலை என்றால் பதினொன்று, பன்னிரண்டு கிலோ வரும், டிக்கெட்டில் எத்தனை கிலோ என்று பார்த்துக்கொள். எண்ணெயைத் துடைத்துவிட்டு, பழைய சேலையில் சுற்றி, அட்டைப் பெட்டி. இன்னொன்று, விசிட்டில் இருக்கும்போது வெளி ஆளுக்குத் தைத்துக் காசு வாங்கக் கூடாது, மாட்டினால் வம்பு. பிள்ளைக்குப் பாவாடை தைக்கலாம்.

தலை மட்டும் வந்தால் ஸ்டாண்டுக்கு என்ன செய்வாய்? எங்கள் சந்தில் ஒரு தையல் கடை மூடுகிறார்கள், கேட்டுப் பார்க்கிறேன். எந்த மிஷின்?

---

சஜா எலக்ட்ரீஷியன்

உஷா, பாய். கால் மிதி.

---

ரோலா பாய்

இருக்கிறதாம். ஒரு கால் ஆடுகிறது, நீ எலக்ட்ரீஷியன்தானே, வெல்டிங் ஆளைத் தெரிந்திருக்கும். சனிக்கிழமை வண்டியோடு வா.